நாய்க்கும் பெயர் பொறித்த மண்



இந்த நினைவுப் பேருரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட மனிதர் அடி அண்ணாமலைக்காரர் அல்ல, தமிழரும் அல்ல. தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் பிறந்த கறுப்பு இளைஞர். பெயர் சை கிராண்ட். 1943-இல், 23 வயதில், பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் நேவிகேட்டராகப் பறந்தவர்.

கிரிவலப் பாதையோரம் கூடியிருக்கும் நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம் உண்டு. அந்தப் போரில் நம் மாகாணத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு குண்டுவீச்சுப் படையே பறந்தது. நம் சேரியிலிருந்து யாரும் அதில் ஏறியிருக்க முடியாது. ஏன் முடியாது என்பது முதல் சம்பந்தம். சை கிராண்டை அவருடைய மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பது இரண்டாவது. நாம் இன்னும் செய்யாமல் வைத்திருக்கும் ஒரு வேலையை அது நமக்குச் சொல்லித் தருகிறது.

சை கிராண்ட் 1919 நவம்பர் 8 அன்று பிரிட்டிஷ் கயானாவில் பெட்டர்வெர்வாக்டிங் என்ற கிராமத்தில் பிறந்தார். டச்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. இதைவிட நல்ல காலம் வரும் என்ற எதிர்பார்ப்பு அதன் பொருள். 1838-இல் அங்கே அடிமை முறை முற்றாக ஒழிந்தபோது, விடுதலையான மக்கள் தம் கூலிக்காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கைவிடப்பட்ட தோட்டங்களைக் கூட்டாக விலைக்கு வாங்கிக் கிராமங்கள் அமைத்தார்கள். அப்படி எழுந்த கிராமங்களில் ஒன்று இது. யாருடைய நிலத்தில் சாட்டையடி பட்டார்களோ, அந்த நிலத்தையே பணம் கொடுத்து வாங்கியவர்களின் ஊர். அவர்கள் விட்டுப்போன கரும்பு வேலைக்கு அதே 1838-இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் 'டெமராரா'வுக்குக் கப்பல் போயிற்று. அவர்கள் கைவிட்ட மண்வெட்டியை நம்மவர் கையில் கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

சை கிராண்டின் தந்தை ஒரு மொரேவியன் சபைப் போதகர். வீட்டில் புத்தகம் இருந்தது, இசை இருந்தது. 1941-இல் அவர் விமானப் படையில் சேர்ந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்புவரை அது நடந்திருக்காது. தூய ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டுமே அந்தப் படையில் அதிகாரியாகலாம் என்று விதி இருந்தது. 1939 அக்டோபரில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். மனம் மாறித் தளர்த்தவில்லை, போருக்கு ஆள் வேண்டும் என்பதால் தளர்த்தினார்கள்.

பயிற்சி முடிந்ததும் லிங்கன்ஷயரில் இருந்த 103-ஆம் படையணிக்கு அவர் போனார். லங்காஸ்டர் விமானம், ஏழு பேர் கொண்ட குழு. நேவிகேட்டரின் இடம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை. வரைபடம், பென்சில், கடிகாரம். காற்று எந்தத் திசையில் எவ்வளவு தள்ளுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட வேண்டும். கணக்கு பிசகினால் ஏழு பேரும் போய்விடுவார்கள். 1943 ஜூன் மாதம் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது நெதர்லாந்து வானத்தில் அவர்களுடைய விமானம் சுடப்பட்டது. இருவர் இறந்தார்கள். சை கிராண்ட் பாராசூட்டில் இறங்கி, பிடிபட்டு, போர் முடியும்வரை இரண்டு ஆண்டுகள் ஜெர்மன் முகாம்களில் கைதியாக இருந்தார்.

முகாமில் அவரைப் படம் பிடித்தார்கள். அது ஒரு ஜெர்மன் நாளேட்டில் வந்தது. படத்தின் கீழே இன்ன இனம் என்று சொல்ல முடியாத ஒரு பிரிட்டிஷ் விமானப் படைக்காரன் என்று குறிப்பு. பெயர் கிடையாது. பிரிட்டனுக்கு ஆள் பஞ்சம், கண்டதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டவே அந்தப் படம்.

போருக்குப் பிறகு அவர் சட்டம் படித்தார். 1950-இல் பாரிஸ்டர் ஆனார். லண்டனில் கறுப்பு வழக்கறிஞருக்கு வேலை கொடுக்க ஆளில்லை. நடிக்கவும் பாடவும் போனார், பி.பி.சி. தொலைக்காட்சியில் அன்றாடச் செய்திகளைக் கலிப்ஸோப் பாட்டாகப் பாடிப் பெயர் பெற்றார். 2006-இல் தன் போர்க்கால நினைவுகளைப் புத்தகமாக்கினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு அந்த ஜெர்மன் நாளேட்டின் குறிப்புதான்: இன்ன இனம் என்று தெரியாத விமானப் படைக்காரன். இழிவாக எழுதியதை எடுத்துத் தன் பெயருக்குப் பக்கத்தில் அட்டையில் போட்டார். இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மை எதைச் சொல்லி அழைக்க வேண்டும் என்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது, எம்.சி. ராஜா அதற்காக வாதாடி, 1922-இல்தான் 'ஆதிதிராவிடர்' அரசு ஏட்டில் ஏறியது.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த விமானம் விழுந்ததை நெதர்லாந்தில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்தான். அது யாருடைய விமானம், உள்ளே யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அவனை விடவில்லை. வளர்ந்து முதியவரான பிறகு தேடித் தேடி சை கிராண்டைக் கண்டுபிடித்தார். அவருடைய மகனும் சை கிராண்டும் சேர்ந்து ஒரு பட்டியல் தொடங்கினார்கள். கரீபியன் தீவுகளிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்து அந்தப் போரில் விமானத்தில் பறந்த கறுப்பு இளைஞர்கள் அத்தனை பேரின் பெயரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நூற்றுக்கணக்கான பெயர்கள் சேர்ந்தன. 2010-இல் சை கிராண்ட் இறந்தபோது அவர் விட்டுச் சென்றவற்றில் பாட்டு உண்டு, நூல் உண்டு; அந்தப் பெயர்ப் பட்டியலும் உண்டு.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம்.

பிரிட்டிஷ் விமானப் படையில் 35-ஆம் படையணி என்று ஒன்று. ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு எஞ்சின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானத்தை முதலில் போருக்கு எடுத்துச் சென்ற படையணி அது. பிறகு, மற்ற விமானங்களுக்கு இருட்டில் இலக்கைக் காட்டும் முன்னோடிப் படையிலும் சேர்ந்தது. அதன் முழுப் பெயர் '35 மெட்ராஸ் பிரசிடென்சி படையணி'. நம் மாகாணத்தில் திரட்டி அனுப்பிய போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். 79, 234, 264 ஆகிய போர் விமானப் படையணிகளுக்கும் இதே பெயர்தான். பணம் கொடுத்த மாகாணத்தின் பெயரை எழுத அவர்கள் மறக்கவில்லை.

ஆனால் அந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாட்டு இளைஞர்கள். 1940-இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குப் போனது உண்மை. அவர்கள் ஏற்கெனவே விமானம் ஓட்டப் பழகியவர்கள். விமான கிளப்பில் சேர யாரிடம் பணம் இருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

நிறத் தடை 1939-இல் தளர்ந்தது. நமக்கு அதற்கு முன்னாலேயே வேறொரு தடை இருந்தது. நேவிகேட்டர் ஆக ஆங்கிலம் வேண்டும், கோணக்கணிதம் வேண்டும். வயர்லெஸ்காரருக்கு மோர்ஸ் வேண்டும். அந்தக் காலத்து வட ஆர்க்காட்டுச் சேரிப் பையனுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியே எட்டாத உயரம். பள்ளிக்கூடம் கோயில் மண்டபத்தில் நடக்கும், அக்கிரகாரத்தில் நடக்கும், ஊர்த்தெருவில் நடக்கும். எங்கே நடந்தாலும் அவன் போக முடியாத இடத்தில் நடக்கும். 1920-களில் தொழிலாளர் துறை நமக்கென்று தனிப் பள்ளிகள் திறந்தது. மிஷன் பள்ளிகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு சரி. லண்டனில் விதியை மாற்றினாலும் சேரிக்கு விமானம் வராததற்குக் காரணம் இதுதான். நிறத்தைச் சொல்லித் தடுத்தவன் கடல் தாண்டி இருந்தான், சாதியைச் சொல்லித் தடுத்தவன் அடுத்த தெருவில் இருந்தான்.

அப்படியென்றால் நம்மவர்கள் போருக்குப் போகவில்லையா? போனார்கள், வானத்தில் அல்ல, மண்ணில்.

கும்பினி காலத்து மெட்ராஸ் படையிலேயே பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ், நம் வீடுகளில் இன்றும் 'பெங்களூர் எம்.இ.ஜி.' என்று சொல்கிறோமே அது, நம் மக்களை ஏராளமாகச் சேர்த்துக்கொண்ட படை. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, எதிரி சுடும்போதே ஆற்றைக் கடக்க வழி செய்வது அதன் வேலை. பயனியர் படைகளும் அப்படித்தான். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் கடப்பாரை.

1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை, வீரச் சாதி வடக்கில்தான் இருக்கிறது என்ற கொள்கையின் பெரிய பிரசாரகர் அவர். மனிதனுக்குப் பிறப்பிலேயே தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மனு சொன்னதை வெள்ளைக்காரன் ராணுவ விதியாக்கிக்கொண்டான். மெட்ராஸ் காலாட்படைகளைப் படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் ஆள் தேடினார்கள். போர் முடிந்ததும் மறுபடி கலைத்தார்கள். 1933-இல் மெட்ராஸ் பயனியர்ஸ் கலைக்கப்பட்டது. இரண்டாவது போர் வந்ததும் மீண்டும் கதவு திறந்தது. 1941-இல் மகர் ரெஜிமெண்ட். வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த அம்பேத்கரின் வாதாட்டம் அதன் பின்னால் இருந்தது. 1943-இல் சமார் ரெஜிமெண்ட். கோஹிமாவில் போரிட்டது, 1946-இல் கலைக்கப்பட்டது. தேவைப்படும்போது திறந்து, தேவை தீர்ந்ததும் சாத்துகிற கதவை சை கிராண்டும் பார்த்தார், நம் பாட்டன்மாரும் பார்த்தார்கள்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு சிப்பாயின் காலடியில் வெடி கிளம்புகிறது. வெடிக்க இன்னும் சில நொடி. சுப்ரமணியன் அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொள்கிறார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் செத்தார். காஞ்சிபுரம் பக்கத்தில் கீழ்ஒட்டிவாக்கம் அவர் ஊர். ஜார்ஜ் கிராஸ் விருது இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். அவர் என்ன சாதி என்று இந்த மேடையில் நாங்கள் கேட்கப்போவதில்லை. வெடிமேல் விழுந்தவர், பிழைக்க வேண்டியவன் என்ன சாதி என்று பார்த்து விழவில்லை. இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பையன் இதைச் செய்திருந்தால் ஊர் நடுவில் கல் நிற்கும், பள்ளிக்கூடத்துக்கு அவன் பெயர் இருக்கும். தமிழ்ப் பாடப்புத்தகம் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் சுப்ரமணியன் பெயரைப் பள்ளியில் கேட்டோம்?

பெயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேலூருக்குப் போனால் போதும். திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடாக இருந்தவை, 1989-இல்தான் பிரிந்தன. வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு. அதில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. அவ்வளவுதான். 277 ஓர் எண். 14 ஓர் எண். பெயர் இல்லை.

அதே பேரரசு தன் பிள்ளைகளுக்குச் செய்ததையும் பாருங்கள். குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். அத்தனை பேருக்கும் பெயர் உண்டு. உடல் கிடைக்காத விமானப் படையினர் 20,000 பேருக்கு மேல். லண்டனுக்கு வெளியே ரன்னிமீட் என்ற இடத்தில் ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உடலே இல்லாதவனுக்குப் பெயர் இருக்கிறது. உயிர் கொடுத்த 14 வேலூர்க்காரர்களுக்கு எண் இருக்கிறது.

இது நம் குறைபாட்டுப் புலம்பல் அல்ல, அவர்களே ஒப்புக்கொண்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழு 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர், அரபு நாட்டவர் ஆகியோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது சொன்னது. பதக்கத்திலும் பேதம் இருந்தது. அந்தப் போரின் பதக்கம் போரிட்டவர்களுக்கு வெள்ளியில், கூலிப் படையினருக்கு வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. மண் சுமந்தவனுக்கு உலோகத்திலும் கீழ்ப்படி.

பட்டாளத்தில் சேராதவர்களையும் போர் விடவில்லை. மலேயா ரப்பர் தோட்டங்களில் கூலிகளாக இருந்த தமிழர்களில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள். ஜப்பானியர்கள் அவர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் ஆசியக் கூலிகள் 80,000 முதல் 1,00,000 பேர்வரை செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பாதை முடிந்த பிறகு அதன் பாலங்கள்மேல் நேசநாட்டுக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கீழே வேலை செய்தவர்கள்மேலும் குண்டு விழுந்தது. இன்று காஞ்சனபுரிக் கல்லறையில் வெள்ளைக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கற்கள், வரிசை வரிசையாக, பெயரோடு. தமிழ்க் கூலிகளுக்கு அப்படி வரிசை இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் போரைக் கொண்டாட வரவில்லை. சை கிராண்ட் கணக்குப் போட்டுக் கொடுத்த வழியில் போன விமானம் ஊர்மேல் குண்டு போட்டது. கீழே பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். நம் சாப்பர்கள் கட்டிய பாலத்தின்மேல் போனது பேரரசின் பீரங்கி. 1943-இல் அந்தப் பேரரசின் கீழ் வங்காளம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். ஆனால் பேரரசு தப்பு என்பதால் அதில் செத்த பையன் பெயர் இல்லாதவன் ஆகிவிட மாட்டான். சேற்றில் நின்ற நம் பாட்டனுக்கு அந்தச் சீருடை வேறு ஒன்றாகவும் இருந்தது. ஊருக்குள் செருப்புப் போட முடியாதவனுக்குப் பூட்ஸ் கொடுத்த இடம் அது. எழுத்துக் கற்றுக்கொடுத்து, மாதாமாதம் காசு கொடுத்து, 'டேய்' என்று ஊர் கூப்பிட்டவனை ஹவில்தார் என்று கூப்பிட வைத்த இடம். திரும்பி வந்தவர்களில் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நம் இயக்கங்களின் முதல் படிப்பாளிகளைத் தேடினால் எத்தனையோ பட்டாளத்து வீடுகள் வரும்.

பெயர் எழுதும் பழக்கம் நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. இங்கிருந்து மேற்கே செங்கம். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதிச் செத்த சாதாரண ஆட்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன. அவற்றில் எடுத்தனூர்க் கல் நாம் மறக்கக் கூடாதது. 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். கருந்தேவகத்தி என்பவன் மந்தையைக் காத்துச் செத்தான். அவனோடு ஒரு நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. ஒரு நாயின் பெயர் இந்த மண்ணில் இன்னும் படிக்கக் கிடைக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் போன வேலூர்க்காரர்கள் 14 பேரின் பெயர் அந்த மணிக்கூண்டில் இல்லை. நாய்க்கும் பெயர் பொறித்தவர்களின் மண்ணில், நம்மவனை எண்ணாக விட்டுவைக்க நமக்கு உரிமை இல்லை.

இனி செய்ய வேண்டியது. பதினோரு வயதில் ஒரு விமானம் விழப் பார்த்த பையன் செய்த வேலையை நம் ஒவ்வொரு தெருவும் செய்யலாம். 'பட்டாளத்தார் வீடு', 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று இன்றும் பெயர் சொல்லும் வீடுகள் எல்லாக் காலனியிலும் இருக்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள். பெயர், அப்பா பெயர், எந்தப் படை, எங்கே சேர்ந்தார், எங்கே போனார், திரும்பினாரா. அவர் மனைவி பெயரையும் எழுதுங்கள். பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்திருந்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். ட்ரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எடைக்குப் போட விடாதீர்கள். முதல் போரின் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்; முதல் போரில் செத்த ஆயிரம் பேருக்கு மேல் அங்கே பெயர் இருக்கிறது. கல்லறை ஆணையத்தின் ஏடுகள் இப்போது யாரும் பார்க்கத் திறந்திருக்கின்றன. இரண்டாவது போரில் செத்தவர்கள் பலருக்கு இன்னார் மகன், இன்னாள் கணவன், வட ஆர்க்காடு இன்ன ஊர் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் திரிந்து கிடக்கும் அந்த ஊர்ப் பெயர்களை நம்மால்தான் படிக்க முடியும். அது எந்த ஊர், எந்தத் தெரு என்று லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இந்த உரையை அச்சிடும் சிறுநூலின் கடைசியில் சில பக்கங்களை வெற்றுக் கோடுகளாக விட்டிருக்கிறோம். ஒரு வரிக்கு ஒரு பெயர். நிரப்பி எங்களிடம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எழுந்து நின்று வாசிப்போம்.